பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை

விமானம் ஏற வந்த ஒரு மனிதரிடம் மூன்று கால்கள் இருந்தால் என்ன செய்வது என்று அந்த விமான நிலையத்து விதிப் புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவருக்கு ஊரில் கால்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாகச் செயற்கைக் கால் செய்கிறவர். பட்டறைக்குப் போன் போட்டு, "கால்காரர் சாப்பிடக் கிளம்பிட்டாரா?" என்று கேட்பது அவருடைய மனைவிதான் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதுவரை ஆயிரம் பேருக்காவது கால் செய்து கொடுத்திருப்பார். ஆனால் அன்றைக்கு அவர் மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற இடது கால் அவருடைய சொந்த அக்காவுக்குச் செய்தது.

அக்கா வேறொரு நாட்டில் நர்ஸ். பதினோரு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலிலேயே பின்னால் வந்த லாரி ஒன்று அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டது. தம்பி ஓடிப்போய்த் தன் கையாலேயே மாவுக்கட்டு அச்சு எடுத்து வந்தார். நாலு மாதம் உழைத்தார். காலைப் பிடித்துக்கொள்ளும் கிண்ணம் இரண்டு தடவை சரியாக வராமல் தூக்கி எறிந்து, மூன்றாவதுதான் மனசுக்கு ஒத்துவந்தது. பாதத்துக்கு அக்காவின் நிறம். இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட ஒரு நெல் நீளம் அதிகம். அவர்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் கால் அப்படித்தான். யாரும் கேட்காமலே அதையும் செய்து வைத்திருந்தார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி மருத்துவக் குழுவுக்கு முன்னால் அக்கா ஊன்றுகோல் இல்லாமல் இருபது அடி நடந்து காட்ட வேண்டும். நடந்தால் வேலை. நடக்காவிட்டால், 'பணிக்குத் தகுதியற்றவர்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் காகிதம் டைப் அடித்துத் தயாராக இருக்கிறது என்று வார்டில் பேச்சு.

கவுன்டரில் இருந்த பெண் காலைப் பார்த்தாள்.

"இது யாரோடது சார்?"

"எங்க அக்காவோடது."

"அவங்க வரலையா?"

"அவங்க அந்த ஊர்ல இருக்காங்க."

"அவங்க அங்க, கால் மட்டும் இங்கயா?" என்று அவள் கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். பிறகு சொன்னாள். "மாட்டிக்கிட்டு வந்தா அது உடம்பு சார், அனுமதி உண்டு. கையில கொண்டுவந்தா அடிக்கப் பயன்படக்கூடிய பொருள். உள்ள உலோகக் குழாய் இருக்கே."

"நான் எங்கம்மா மாட்டிக்கிறது? எனக்குத்தான் ரெண்டும் இருக்கே."

"அது உங்க பக்கத்துச் சிக்கல் சார்."

ஆக, கால் பெட்டிக்குள் போக வேண்டியதாயிற்று. வழியில் பெட்டியிலிருந்து சாமான் காணாமல் போகிறதாமே என்று அவர் பயந்து பயந்து கேட்டார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. அதற்கென்றே பெட்டிப் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, முழுப் பாதுகாப்பு போட்டுவிட்டால் கவலையே இல்லை, இரண்டு நாட்டு விமான நிலையங்களையும் சேர்த்து அந்தப் பிரிவுதான் பார்த்துக்கொள்கிறது என்றாள்.

முழுப் பாதுகாப்பு என்பது மூன்று பிரதிப் படிவம், ஒரு சிவப்புப் பட்டை, ஒரு முத்திரை. படிவத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். கால்காரர் பொய் எழுதிப் பழகாதவர். 'இடது கால் 1. திருகுச் சாவிகள் 4. அக்காவுக்குப் புது ஷூ 1 ஜோடி' என்று எழுதினார்.

"இன்னும் பெரிய எழுத்தா எழுதுங்க சார். தூரத்துலேருந்து படிக்கணும். ஒரு பிரதியைப் பெட்டி மேல ஒட்டுவோம். இன்னொண்ணு நீங்க இறங்கற ஊர்ல, பெட்டி இறக்கற லோடருங்க ஷெட்டு போர்டுல ஒட்டுவோம். மூணாவது ஆபீஸுக்கு."

"உள்ள என்ன இருக்குன்னு வெளிய எதுக்கும்மா ஒட்டணும்?"

அந்தப் பெண் அவரைப் பாவமாகப் பார்த்தாள். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சார் எதைப் பாதுகாக்கணும்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும்? சாதாரணப் பெட்டியில என்ன இருக்குன்னு யார் கண்டா? அதை யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

கால்காரருக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் எதிரே சீருடை, பின்னால் நீண்ட வரிசை. தலையை ஆட்டிவிட்டுப் போய் விமானத்தில் உட்கார்ந்தார்.

இறங்கிய இடத்தில் பெட்டி முதல் ஆளாக பெல்ட்டில் வந்தது. சிவப்புப் பட்டை இறுக்கமாக இருந்தது. முத்திரை குலையவில்லை. இப்படிப்பட்டவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவர் வெட்கப்பட்டார்.

வெளியே அக்கா இரண்டு ஊன்றுகோல்களோடு நின்றிருந்தாள். பக்கத்தில் மாமா. அக்காவின் கணவர், அதிகம் பேசாத மனிதர். வீடு வரைக்கும் பொறுக்க அக்காவுக்கு மனசில்லை. "இங்கயே மாட்டுடா தம்பி, கார் வரைக்கும் நடந்தே வரேன்" என்றாள். கால்காரர் அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, மண்டிபோட்டு, முத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே புத்தகம். அடுக்கடுக்காக, ஒரே அளவு, ஒரே நிறம். அட்டையில் ஒரு பெட்டி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. 'உங்கள் பெட்டி எங்கள் கண்மணி. வெளியீடு: பெட்டிப் பாதுகாப்புப் பிரிவு.' கால்காரர் அடித்தட்டு வரை கையை விட்டுத் துழாவினார். புத்தகம்தான்.

"என்னடா, கால் கேட்டா படிக்கப் புத்தகம் கொண்டாந்திருக்க?" என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள். பாதியிலேயே உதடு கோணிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெட்டிப் பாதுகாப்புப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வாசலில், 'பாதுகாப்புக் காரணங்களுக்காக நிறுத்தப்பட்டுள்ளது' என்று ஒரு பலகை. எந்தப் பாதுகாப்பு, யாருக்குப் பாதுகாப்பு என்று அதில் இல்லை. நாற்பத்திரண்டு படி. கால்காரர் புத்தகப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஏறினார்.

பிரிவு அதிகாரி பெட்டியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். கையுறை போட்டுக்கொண்டார். டார்ச் அடித்து நாலு மூலையும் பார்த்தார். சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துக் கைப்பிடியைப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து, பிள்ளைக்கு ஜுரம் விட்டுவிட்டது என்று சொல்லும் டாக்டர் மாதிரி நிமிர்ந்தார்.

"பெட்டிக்கு ஒரு கீறல் இல்ல பாருங்க!"

"பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு. உள்ள இருந்த காலக் காணோம்."

"பெட்டிப் பாதுகாப்புப் பிரிவு சார் இது. உள்ள இருக்கறதுக்குன்னு தனியா ஒரு பிரிவு ஆரம்பிக்கணும்னு நாங்களே மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். ஒன்பது வருஷமாச்சு." அவர் ஒரு பதிவேட்டைத் திறந்தார். "ஏத்தும்போது எடை பதினொண்ணு புள்ளி நாலு. இறக்கும்போது பதினொண்ணு புள்ளி நாலு. ஒரு கிராம் குறையல. அப்புறம் திருட்டுன்னு எப்படிச் சொல்றீங்க? எந்தத் திருடனாவது எடை போட்டுப் பார்த்து ஈடு வெச்சுட்டுப் போவானா?"

"வெச்சிருக்கானே சார்! உங்க புத்தகத்தையே வெச்சிருக்கானே!"

அதிகாரி ஒரு புத்தகத்தை எடுத்துத் தடவிப் பார்த்தார். "நல்ல தாள்" என்றார். "பல பேரு கேட்டும் கிடைக்காம போறாங்க."

செவ்வாய்க்கிழமை முழுக்கப் புகார் அறை வாசலில் போயிற்று. பெஞ்சில் பக்கத்தில் ஒரு வயலின்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் வயலின் பெட்டி, அதில் சிவப்புப் பட்டை. உள்ளே புத்தகங்கள். ஏழு மாதமாக வருகிறாராம். ஒழுங்காக எல்லாப் படிவமும் நிரப்பியிருப்பதாகவும், எதிலும் குறை சொல்ல முடியாது என்று அதிகாரியே பாராட்டியதாகவும் சொன்னார். சொல்லும்போது அவருடைய இடது கை விரல்கள் மடியில் தாமாகவே எதையோ வாசித்துக்கொண்டிருந்தன. கால்காரரால் அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

ஜன்னல் வழியே கீழே ஷெட்டின் பின்வாசல் தெரிந்தது. சரியாக நாலு மணிக்கு ஒரு ஷிப்ட் முடிந்து லோடர்கள் வெளியே வந்தார்கள். வரும்போது மெலிந்திருந்த ஆட்கள் போகும்போது சட்டைக்குள் ஆளுக்கொரு தொப்பையோடு போனார்கள். வாசலில் இருந்த காவலர் எல்லாருக்கும் வணக்கம் வைத்தார். ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லை. அந்தக் கட்டடத்திலேயே நேரத்துக்கு நடந்த வேலை அது ஒன்றுதான்.

புகார் அறையில் எழுத்தர் யோசித்தார். கால் என்பது சாமானா, உறுப்பா? சாமான் என்றால் எடை சரியாக இருப்பதால் புகார் செல்லாது. உறுப்பு என்றால் அது பயணியின் ஒரு பகுதி. பயணியின் ஒரு பகுதி வந்துசேரவில்லை என்றால் பயணி முழுதாக வரவில்லை என்று பொருள். அது காணாமல் போனவர்கள் பிரிவு. கால்காரரைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

"காணாமப் போனவர் கடைசியா என்ன உடுத்தியிருந்தார்?" என்று அந்த அறைக்காரர் கேட்டார்.

"ஷூ. வேற ஒண்ணும் இல்ல."

"யாரோடயாவது மனஸ்தாபம் உண்டா?"

"அது கால் சார்!"

"கோபப்படாதீங்க. கேக்க வேண்டியது எங்க கடமை. போட்டோ இருக்கா?"

பட்டறை மேஜைமேல் கால் நின்றிருந்த படத்தைக் கால்காரர் போனில் காட்டினார். அறைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "முகம் தெரியலையே" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலில், சுவரில் சாய்ந்துகொண்டு. என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

புதன்கிழமை காலை பெஞ்சில் இருந்த எல்லாரையும் எழுப்பி ஒரு மண்டபத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பெட்டிப் பாதுகாப்பு வார நிறைவு விழாவாம். கூட்டம் சேரவில்லையாம். கைதட்டினால் மனுக்கள் சீக்கிரம் நகரும் என்று ஒரு ஊழியர் காதோடு சொன்னார். வயலின்காரர் இப்போதே தட்டிப் பழக ஆரம்பித்துவிட்டார்.

மேடையில் ஒரு பெட்டிக்கு மாலை போட்டு நடுநாயகமாக உட்கார்த்தியிருந்தார்கள். எல்லாரும் எழுந்து, வலது கையை அவரவர் பெட்டிமேல் வைத்து உறுதிமொழி எடுத்தார்கள். பெட்டி இல்லாதவர்கள் பக்கத்தில் இருந்தவர் பெட்டிமேல் வைத்தார்கள். பிறகு தலைமை அதிகாரி பேசினார்.

"போன வருஷம் நமக்கு வந்த புகார் பதினோராயிரம். இந்த வருஷம் வெறும் நானூறு! எப்படிச் சாதிச்சோம்னு எல்லாரும் கேக்கறாங்க. ரொம்பச் சுலபம். புகார் அறையை மூணாவது மாடிக்குக் கொண்டு போனோம். லிஃப்டை நிறுத்தினோம்." கைதட்டல். "நம்ம விழிப்புணர்வுப் புத்தகத்தை யாரும் கையால வாங்க மாட்டேங்கறாங்கன்னு ஒரு குறை இருந்துது. இன்னைக்கு அது ரெண்டு லட்சம் பயணிகளோட பெட்டிக்குள்ளயே நேரடியாப் போய்ச் சேருது. நம்ம லோடர் சகோதரர்கள் இல்லாம இது நடந்திருக்குமா?" மறுபடியும் கைதட்டல். "முப்பது வருஷத்துல ஒரு திருடனைக்கூட இந்தப் பிரிவு பிடிச்சதில்ல. ஏன்? இருந்தாத்தானே பிடிக்க முடியும்!"

மண்டபம் அதிர்ந்தது. கால்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்து, நேர்மைக்கான சான்றிதழ். ஷெட்டில் அனாதையாகக் கிடந்த ஒரு பொருளைத் தானே முன்வந்து ஒப்படைத்த லோடர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நடுவயது, கட்டைக் குட்டையான ஆள். கூச்சத்தோடு வந்து நின்றார். அவர் ஒப்படைத்த பொருளை ஒரு தட்டில் வைத்து, பட்டுத்துணியை விலக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்கள்.

இடது கால். ஷூ இல்லை. இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம்.

"அது எங்க அக்கா காலு!" என்று கால்காரர் கத்திக்கொண்டே மேடைக்கு ஓடினார். தலைமை அதிகாரி கோபப்படவில்லை. உரிமையாளரே கிடைத்துவிட்டார் என்று மைக்கில் அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். ஆனால் காலைக் கொடுக்கவில்லை. உரியவர் நேரில் வந்து, காலைப் பொருத்திக் காட்டி, உரிமையை நிரூபிக்க வேண்டும்.

"மூணு மாடி சார். அவங்களுக்கு ஒரு கால் இல்ல."

"கால் இருக்கறவங்க எதுக்கு சார் கால் கேட்டு வரப்போறாங்க?" என்றார் பிரிவு அதிகாரி.

மத்தியானம் மாமா அக்காவைக் காரில் கொண்டுவந்தார். மாமா தூக்கிக்கொண்டு ஏறுகிறேன் என்றதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. முதல் படியில் பின்பக்கமாக உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் ஊன்றி அடுத்த படிக்கு உடம்பைத் தூக்கினாள். அப்படியே நாற்பத்திரண்டு படியும் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறினாள். இருபது வருஷம் நோயாளிகளைத் தூக்கி உட்காரவைத்த கைகள் அவை. மேலேயும் கீழேயும் போன ஊழியர்கள் பைல்களோடு ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள். நல்ல மரியாதை தெரிந்தவர்கள். பின்னால் வந்த கால்காரருக்கு அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு செங்கல்லையும் கையால் பெயர்த்து எறிய வேண்டும்போல இருந்தது.

அலுவலகத்தில் தம்பி மண்டியிட்டு அக்காவுக்குக் காலை மாட்டினார். கிண்ணம் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்தது. அக்கா மேஜையைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டாள். கதவு வரைக்கும் ஒன்பது அடி நடந்தாள். திரும்பினாள். ஒன்பது அடி நடந்து வந்தாள். டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். பதினோரு மாதம் கழித்துத் தன் காலில் நிற்கிற அக்காவைப் பார்த்து மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரிவு அதிகாரி பதிவேட்டில் 'பொருந்துகிறது' என்று எழுதினார். மையை ஊதினார்.

"சரிம்மா. கழட்டிக் குடுத்துடுங்க."

"என்னது?" என்றார் கால்காரர்.

"உரிமை நிரூபணம் ஆயிடுச்சு. இனி விடுவிப்பு ஆணை வரணும். நாப்பத்தஞ்சு வேலை நாள். அதுவரைக்கும் கால் நம்ம பாதுகாப்புல இருக்கும்."

"சார், நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவங்க ஆஸ்பத்திரியில நடந்து காட்டணும். இல்லன்னா வேலை போயிடும்."

"அதான் இப்ப நடந்து காட்டிட்டாங்களே, நாங்க எல்லாரும் பார்த்தோமே! வேணும்னா 'நடந்ததைப் பார்த்தோம்'னு ஒரு கடிதம் தரோம். முத்திரையோட."

கால்காரர் மேஜையைக் கவிழ்த்திருப்பார். இரண்டு கையும் மேஜை விளிம்புக்குப் போய்விட்டன. அக்கா அவர் தோளைத் தொட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையைத் தானே தளர்த்தி, காலைக் கழற்றி, மேஜைமேல் அந்தப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்து, ஆறுதல் சொல்லி, நடக்கவைத்தவள். அவளை இந்தத் தடியன்கள் காலைக் கழற்றவைத்தார்கள்.

அப்போதுதான் கால்காரருக்குக் கோபம் உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்று, மூளை பளிச்சென்று தெளிந்தது. நேற்று ஜன்னலில் பார்த்தது நினைவுக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று பத்து.

"சார்" என்றார், மிகவும் பணிவாக. "வெறும் பாதுகாப்பு போதாது. முழுப் பாதுகாப்பு வேணும். சிவப்புப் பட்டை, முத்திரை, படிவம். ஷெட்டு போர்டுக்கு ஒரு பிரதி. எல்லாம்."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "இப்பத்தான் சார் நீங்க புரிஞ்சுக்கிட்டீங்க."

காலை ஒரு பெட்டியில் வைத்தார்கள். பட்டை கட்டினார்கள். கால்காரர் படிவத்தை வாங்கி, தூரத்திலிருந்து படிக்கும்படி பெரிய எழுத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் எழுதினார்: 'உள்ளே: சொக்கத்தங்கத்தில் செய்த கணுக்கால் 1.' பெட்டி கீழே ஷெட்டை ஒட்டிய பாதுகாப்பு அறைக்கும், ஒரு பிரதி ஷெட்டு போர்டுக்கும் போயின.

மூன்று ஐம்பதுக்கு மூன்று பேரும் ஷெட்டின் பின்வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்காவை ஒரு குட்டைச் சுவரில் உட்காரவைத்தார்கள். நாலு அடித்தது. லோடர்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். காவலர் வணக்கம் வைத்தார். ஏழாவதாக வந்தவர் அந்தக் கட்டைக் குட்டை லோடர். ஒரு கையில் நேர்மைச் சான்றிதழ் சுருட்டி இருந்தது. சட்டைக்குள்ளிருந்து கால் விரல் ஐந்தும் எட்டிப் பார்த்தன.

"அண்ணே" என்று கால்காரர் வழிமறித்தார். "அதுல தங்கம் கிடையாது. நான்தான் எழுதினேன். அது எங்க அக்கா காலு."

லோடர் சட்டைக்குள் பார்த்தார். குட்டைச் சுவரைப் பார்த்தார். அக்காவின் மடித்துக் குத்தியிருந்த புடவை ஓரத்தைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அடக் கடவுளே, மறுபடியும் அதே காலா?" காலை வெளியே எடுத்துத் தன் சட்டையாலேயே துடைத்தார். "லிஸ்டுல கால்னு போட்டிருந்துது. நெஜக் காலை யாராவது பெட்டியில போடுவாங்களா, ஏதோ வெள்ளிச் சிலைக் காலாக்கும்னு நெனச்சு எடுத்துட்டேன். அப்புறம் பார்த்தா இது. மனசு கேக்கல. யாரோ நடக்க முடியாம இருப்பாங்களேன்னு ஒழுங்கா ஆபீஸ்ல கொண்டுபோய் ஒப்படைச்சேன். அதுதான் தப்பாப் போச்சு."

"உங்க மேல தப்பில்ல" என்றார் கால்காரர். அப்படிச் சொல்ல நேர்ந்ததை நினைத்து அவருக்கே வயிறு எரிந்தது.

"எங்கிட்ட நேரா வந்து கேட்டிருந்தா திங்கக்கிழமையே குடுத்திருப்பேனே சார். எதுக்கு மேல போனீங்க?"

"அந்தப் புத்தகம்?"

"எடை குறைஞ்சா கேள்வி வருமே. அது ஆபீஸ்லயே கட்டுக் கட்டாக் குடுத்துடுவாங்க. முத்திரையும்தான். அச்சடிச்சது தீரணும் இல்ல?" காலை அக்கா கையில் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஷூ மட்டும் கேக்காதீங்கம்மா. வீட்ல போட்டுட்டாங்க."

"நல்லா இருக்கட்டும்" என்றாள் அக்கா.

அங்கேயே காலை மாட்டிக்கொண்டு கார் வரைக்கும் நடந்தாள். மாமா ஊன்றுகோல்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மருத்துவக் குழு முன்னால் அவள் இருபது அடி நடந்தாள். திரும்பி இருபது அடி நடந்தாள். "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டாள். டைப் அடித்து வைத்திருந்த காகிதத்தை ஒருவர் மெதுவாகப் பைலுக்கு அடியில் தள்ளினார்.

மூன்று மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். பெட்டிப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறதாம். வாசலுக்கு நடந்து போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினாளாம். வாசித்தாள்.

"'தங்கள் இடது கால் எமது பாதுகாப்பு அறையில் முத்திரை குலையாமல் இருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். வாரந்தோறும் எடை பார்க்கப்படுகிறது. ஒரு கிராம் குறையவில்லை. பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. விடுவிப்பு ஆணை பரிசீலனையில் உள்ளது.' அடியில கருத்து எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்குடா."

"என்ன எழுதின?"

"உள்ளதைத்தான். 'கால் மிகவும் நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட அதில்தான் நடந்து போகிறேன்'னு எழுதினேன்."

அக்கா சிரித்தாள். கால்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்திரண்டு படிக்கு மேலே அந்தப் பெஞ்சில், எல்லாப் படிவமும் சரியாக நிரப்பிய வயலின்காரர் மடியில் புத்தகப் பெட்டியோடு இன்னும் உட்கார்ந்திருப்பார். பொய் எழுதியவனுக்குக் கால் கிடைத்துவிட்டது.

அடுத்த வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பட்டறைக்கு வந்தார். நேராக விமான நிலையத்திலிருந்து வருகிறார். பழைய கால் உடைந்துவிட்டது, அதை அப்படியே பார்த்துப் புதிதாகச் செய்ய வேண்டும், பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லி, சிவப்புப் பட்டை போட்ட பெட்டியை மேஜைமேல் வைத்தார். கால்காரர் முத்திரையை உடைத்தார்.

புதுப் பதிப்பு. தாள் இன்னும் உசத்தி. பெட்டி இன்னும் அகலமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில், பயணிகளின் பாராட்டு என்ற தலைப்பின் கீழே, கட்டம் போட்டு, கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: 'கால் மிகவும் நன்றாக இருக்கிறது.'